பாட்டும் பெயரும்: நேயர் விருப்பத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1949ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் ‘மஹல்’ என்னும் இந்தித் திரைப்படம் வெளிவந்தது. பம்பாய் டாக்கீஸ் தயாரிப்பு. கமால் அம்ரோஹியின் இயக்கம். கேம்சந்த் பிரகாஷின் இசை. பாழடைந்த மாளிகையில் ஊஞ்சலாடும் ஒரு பெண்ணுருவம் பாடிக்கொண்டே நாயகனை ஈர்த்து மறையும். அந்தப் பாடலின் இசைத்தட்டு நாடெங்கும் பரவியது. தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டத்தாளில் பாடியவர் பெயர் ‘காமினி’ என்று அச்சிடப்பட்டிருந்தது. காமினி, படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். கேட்டவர்களுக்கு இது போதவில்லை. உண்மையில் பாடியவர் யார் என்று வினவி வானொலி நிலையத்துக்குக் கடிதங்கள் குவிந்தன. நிலையத்தார் எச்.எம்.வி. நிறுவனத்திடம் விசாரித்து, லதா மங்கேஷ்கர் என்ற பெயரை ஒலிபரப்பில் அறிவித்தனர்.

இந்நிகழ்வு வழக்கமாக லதாவின் வாழ்க்கை வரலாற்றில் ஓர் அத்தியாயத் தொடக்கமாகவே சொல்லப்படுகிறது. அக்கடிதங்களை எழுதியவர்களின் பக்கம் நின்று பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. பின்னணிப் பாடல் முறை 1935இல் ‘தூப் சாவோன்’ படத்தோடு தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. நடிப்பவரே பாடிய காலத்தின் பழக்கம் மட்டும் தட்டுகளின் மீது ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மாற்றவேண்டும் என்னும் அவசரம் இசைத்தட்டு நிறுவனத்துக்கோ படமுதலாளிகளுக்கோ இருந்ததாகத் தெரியவில்லை. பாடகர்கள் கேட்டார்கள், கேட்டவர்களும் கேட்டார்கள். தனக்குப் பிடித்த பாட்டை இன்னொருவருக்குச் சொல்லவேண்டுமானால் அதற்கு ஒரு பெயர் வேண்டும். இன்னார் பாடியது, இன்னார் இசையமைத்தது, இந்தத் தட்டு என்று சொல்ல முடியாத பாட்டை எப்படிப் பரிந்துரைப்பது? இந்தியாவில் பாட்டைப் பகிர்ந்துகொண்டவர்களின் வரலாறு பெருமளவுக்குப் பெயர்களைக் கேட்டுப் பெற்றவர்களின், பெயர்களைப் பதிவு செய்தவர்களின் வரலாறு.

அதற்கு முன் பரிந்துரை மேலிருந்து கீழே வந்தது. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய குரல் பதிவாயிற்று. 1908இல் சியால்டாவில் கிராமபோன் கம்பெனி தன் தட்டு அச்சாலையைத் தொடங்கியது. பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடும் தட்டுகள். எதை வாங்கலாம் என்பதைக் கம்பெனியின் விலைப்பட்டியலும் கடைக்காரரும் சொன்னார்கள். கடைவாசலில் ஓடும் தட்டைத் தெருவில் நின்று கேட்டவர்கள் வாங்கியவர்களைவிடப் பன்மடங்கு. அப்படிக் கேட்டவர்களுள் ஒருவர் பீம்சேன் ஜோஷி. அப்துல் கரீம் கானின் தட்டைச் சிறுவயதில் கேட்டு, அதைப்போல் பாடக் கற்கவேண்டும் என்று 1933இல் வீட்டைவிட்டுக் கிளம்பினார் என்பது இசையுலகம் நன்கறிந்த செய்தி. (அந்த அப்துல் கரீம் கான் தியாகராஜர் கிருதிகளையும் பாடிப் பதிவு செய்தவர், 1937இல் தென்னகப் பயணத்தின்போது சிங்கப்பெருமாள்கோயில் ரயில் நிலையத்தில் உயிர்நீத்தவர்.) ஆனால் தெருவில் நின்று கேட்டவர் எவருக்கும், அடுத்து எந்தத் தட்டை ஓடவிடுவது என்று சொல்லும் உரிமை இருக்கவில்லை.

அந்த உரிமை வந்த வழி விந்தையானது. அரசு ஒரு கதவை அடைத்ததால் அது வந்தது.

1952இல் பி.வி. கேஸ்கர் ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். பத்தாண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். செவ்வியல் இசையில் ஆழ்ந்த பற்றுடையவர். திரையிசை மக்களின் செவியைக் கெடுக்கிறது என்று உறுதியாக நம்பியவர். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களின் அளவைச் சுருக்கியதோடு, ஒலிபரப்பாகும் பாடலுக்கு முன் படத்தின் பெயரைச் சொல்லக்கூடாது என்றும் முடிவாயிற்று. படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாம். பாடுபவர் பெயரை மட்டும் சொன்னால் போதுமாம். மூன்றாண்டுகளுக்கு முன் பாடுபவர் பெயரே தெரியாமல் தவித்த நேயர்களுக்கு இப்போது படத்தின் பெயர் மறுக்கப்பட்டது. படத் தயாரிப்பாளர்கள் சினந்து, பாடல்களை ஒலிபரப்பும் உரிமத்தையே திரும்பப் பெற்றனர். சில மாதங்களில் வானொலியிலிருந்து திரைப்பாடல் அநேகமாக மறைந்துபோயிற்று. டேவிட் லெலிவெல்ட் அகில இந்திய வானொலியின் இசை நிர்வாகம் பற்றி 1994இல் எழுதிய கட்டுரை இதனை விரிவாகவே பேசுகிறது.

கேஸ்கரைக் கேலிச்சித்திரமாக்குவது எளிது. வெகுசனப் பண்பாடு குறித்து எழுதுவோர் பலர் அதைத்தான் செய்கிறார்கள். அவர் காலத்தில் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சியும் வானொலி இசை மாநாடுகளும் மன்னர்களின் ஆதரவை இழந்து நின்ற கலைஞர்கள் எத்தனையோ பேருக்குச் சோறு போட்டன. ரவிசங்கர் முதலியோர் வழிநடத்திய வாத்திய விருந்தாவும் அக்காலத்தது. அவர் செய்த பிழை வேறு. இசையை மக்களுக்குப் பரிந்துரைப்பது அரசின் கடமை என்று கொண்டவர், மக்களும் ஒருவருக்கொருவர் பரிந்துரைத்துக்கொள்வார்கள் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கான இடம் கடலுக்கு அப்பால் தயாராக இருந்தது.

இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் தலைமையிலான தென்கிழக்காசியப் படைத்தலைமை, படைவீரர்களுக்காகக் கொழும்பில் ஆற்றல்மிக்க சிற்றலை ஒலிபரப்பி ஒன்றை நிறுவியிருந்தது. போருக்குப் பின் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. படைகளுக்காக நிறுத்திய கருவி இமயமலை வரை தெளிவாகக் கேட்டது. இந்திய விளம்பரதாரர்கள் பம்பாயில் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து நாடாக்களை விமானத்தில் கொழும்புக்கு அனுப்பினர். அவை சிற்றலையில் இந்தியாவுக்கே திரும்பி வந்தன. பத்து வீடுகளில் ஒன்பது வீட்டில் இலங்கை வானொலி ஒலிக்கிறது, பத்தாவது வீட்டில் பெட்டி பழுது என்றொரு கூற்று அக்காலத்தில் வழங்கியது. ஒரு நாட்டின் ரசனைக் கொள்கை தோற்றதைச் சுட்ட இதைவிடச் சுருக்கமான வாக்கியம் இல்லை.

1952 டிசம்பர் 3ஆம் நாள் ‘பினாக்கா கீத்மாலா’ தொடங்கியது. புதன்கிழமை இரவு. தொகுப்பாளர் அமீன் சயானிக்கு அப்போது வயது இருபதுகூட நிறையவில்லை. தொடக்கத்தில் அது தரவரிசை நிகழ்ச்சியே அன்று. ஏழு பாடல்களை வரிசையின்றி ஒலிபரப்புவார்கள்; மக்கள் செல்வாக்கின்படி அவற்றை வரிசைப்படுத்தி நேயர்கள் எழுதவேண்டும்; சரியாக எழுதியோருக்கு நூறு ரூபாய்ப் பரிசு. கடிதங்களைப் படித்துச் சரிபார்ப்பதும் சேர்த்து வாரத்துக்கு இருபத்தைந்து ரூபாய் என்ற ஊதியத்துக்கு இந்த வேலையை ஏற்றதாகச் சயானி பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். சில பத்துக் கடிதங்கள் வந்தால் பெரிது என்று நினைத்திருந்த இடத்தில் முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்தன. பின்னர் அது வாரத்துக்கு 65,000 வரை ஏறியது என்றும் அவரே சொல்லியிருக்கிறார். இவ்வளவு கடிதங்களைச் சரிபார்க்க முடியாது என்பதால்தான் 1954இல் போட்டியைக் கைவிட்டுத் தரவரிசைக்கு மாறினார்கள். இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற பாடல் தரவரிசை, நேயர்கள் எழுதிய கடிதங்களின் சுமை தாங்காமல் பிறந்தது.

சயானியின் மொழியையும் இங்கே கவனிக்கவேண்டும். அகில இந்திய வானொலியின் இந்தி அக்காலத்தில் வடமொழிச் சொற்களை ஏற்றி நிமிர்ந்து நின்றது. அவரோ எளிய இந்துஸ்தானியில் பேசினார். அவருடைய தாய் குல்சூம் சயானி, காந்தியின் ஊக்கத்தோடு ‘ரஹ்பர்’ என்ற இதழைத் தேவநாகரி, உருது, குஜராத்தி ஆகிய மூன்று எழுத்துகளில் நடத்தியவர். அவ்விதழ்ப் பணியில் உடனிருந்து வளர்ந்த மகன், அந்த மொழிக் கொள்கையைப் பற்பசை விளம்பரத்தின் ஊடாக நாடெங்கும் கொண்டுசென்றார் என்றால் மிகையாகாது. அவர் விளிப்பில் சகோதரிகள் முதலிலும் சகோதரர்கள் பிறகும் வந்தனர். சிறிய மாற்றந்தான், ஆனால் பொதுமேடையில் அந்த வரிசையில் அழைக்கப்பட்டுப் பழக்கமில்லாத பல இலட்சம் பெண்கள் அதை வாரந்தோறும் கேட்டார்கள்.

தரவரிசை என்றவுடன் அதை எண்ணிக்கை என்று கொள்ளக்கூடாது. இசைத்தட்டுக் கடைகள் தந்த விற்பனைக் கணக்கை மட்டும் நம்பினால் தயாரிப்பாளர்கள் தம் தட்டுகளைத் தாமே வாங்கிவிடுவார்கள். கடிதங்களை மட்டும் நம்பினால் ஒருவரே நூறு அட்டை எழுதிவிடுவார். எனவே கடைக்கணக்கோடு, ஊர்தோறும் உருவாகியிருந்த நேயர் சங்கங்களின் வாக்கையும் சேர்த்துப் பார்த்தார்கள். வடக்கே ‘ஷ்ரோதா சங்கம்’ என்று பெயர். இச்சங்கங்கள் வரலாற்றாய்வின் கண்ணில் போதிய அளவு படவில்லை. அரசியல் கட்சியின் கிளை, சாதிச் சங்கம், நூலகம், பஜனை மடம் ஆகியவற்றையெல்லாம் பொதுவெளியின் உறுப்புகளாக எண்ணி எழுதும் நாம், சிறுநகரங்களில் சிலர் கூடி, இந்த வாரம் எந்தப் பாட்டு மேலே போகவேண்டும் என்று வாதிட்டு முடிவெடுத்த இந்த அமைப்புகளைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டோம்.

ஒதுக்கப்பட்டவற்றுள் தலையாயது ஜும்ரி தலையா. இன்றைய ஜார்க்கண்டின் கோடர்மா மாவட்டத்தில், அன்று பீகாரில் இருந்த சிறுநகரம். அப்பிரகம் எடுக்கும் நிலம். தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்தின் முதல் அணை 1953இல் திறக்கப்பட்டது இதன் அருகே, பராகர் ஆற்றின் மீது. புவியியலில் இவ்வளவுதான் அதன் முகவரி. வானொலி கேட்டவர்களுக்கோ அது ஒரு தலைநகரம். இலங்கை வானொலியிலும் பின்னர் விவித பாரதியிலும் விருப்பப் பாடல் கேட்டோர் பட்டியலில் அந்த ஊரின் பெயர் நாள் தவறாமல் வந்தது. இப்படி ஓர் ஊர் உண்மையில் இல்லை, அறிவிப்பாளர்கள் வேடிக்கைக்காகச் சொல்கிறார்கள் என்று நம்பியவர்கள் பலர்.

அங்கே நடந்ததைப் பற்றி வாய்மொழிக் கதைகள் ஏராளம். அப்பிரக வணிகர் ஒருவர் முதலில் எழுதத் தொடங்கினார். அவர் பெயர் வானொலியில் ஒலிப்பதைக் கேட்டு மற்றவர்களும் எழுதினர். பிறகு அது பந்தயமாயிற்று. தம் பெயரையும் ஊரையும் முன்கூட்டியே அச்சிட்ட அட்டைகளை ஒருவர் வைத்திருந்தார் என்பர். எதிராளியின் அட்டை போய்ச் சேராதிருக்க அஞ்சலகத்தில் ஆள் பிடித்ததாகவும் கதையுண்டு. இவற்றில் எது நடந்தது, எது புனைவு என்று பிரித்தறிவதைக் காட்டிலும், வசதிபடைத்த வணிகரும் வெற்றிலைபாக்குக் கடைக்காரரும் ஒரே பட்டியலில், ஒரே குரலில், ஒருவரையடுத்து ஒருவராக அழைக்கப்பட்டார்கள் என்பதைக் கவனிப்பது பயன்தரும். அன்றைய சிறுநகரத்தில் இவ்விருவர் பெயரும் அப்படி அடுத்தடுத்து வரும் வேறு பட்டியல் எது? வாக்காளர் பட்டியல் ஒன்று உண்டு. அதை யாரும் உரக்கப் படிப்பதில்லை.

ஜும்ரி தலையா மட்டுமன்று. சத்தீஸ்கர்ப் பகுதியின் ராஜ்நாந்த்காவ், பாட்டாபாரா போன்ற ஊர்களும் இதே வகையில் பெயர் பெற்றவை. பெருநகரங்கள் இப்பட்டியலில் குறைவாகவே நினைவுகூரப்படுவது தற்செயல் அன்று. பம்பாய்க்காரருக்குத் திரையரங்கு உண்டு, தட்டுக்கடை உண்டு, செய்தித்தாளில் ஊரின் பெயர் நாள்தோறும் வரும். சுரங்கத்தை நம்பி வாழும் ஊருக்கு விபத்து நேர்ந்தால்தான் செய்தி.

ஓர் அட்டையில் ஒருவர் பெயர் மட்டும் இருக்காது. நண்பர்கள், தம்பி தங்கைகள், மனைவி, பிள்ளைகள் என்று நீளும். பாட்டு மூன்று நிமிடம். பெயர்ப்பட்டியலுக்கும் கணிசமான நேரம் போகும். மேட்டிமை ரசனையாளர்கள் நையாண்டி செய்தது இதைத்தான்: இவர்களுக்குப் பாட்டு முக்கியமில்லை, பெயர் வரவேண்டும் என்பதே ஆசை. இந்த நையாண்டியை ஆய்வாளர்களும் சற்று நாகரிகமான சொற்களில் திருப்பிச் சொல்வதுண்டு. ஏற்பதற்கில்லை. பெயர் வருவதுதான் ஆசை என்றால் எந்தப் பாட்டையும் கேட்டிருக்கலாம். அவர்கள் குறிப்பிட்ட பாட்டைக் கேட்டார்கள். இன்னாரோடு சேர்ந்து கேட்டார்கள். ஒரு காதல் பாட்டுக்கு முன்னால் கணவனும் மனைவியும் சேர்ந்து பெயர் சொல்லப்படுவது, ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்காத குடும்பங்களில் எப்படிக் கேட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். பரிந்துரை என்பது பொருளைப் பற்றிய கருத்து மட்டுமன்று. அதன் பக்கத்தில் தன் பெயரை நிறுத்துவது. புத்தக மதிப்புரையின் அடியில் பெயர் இடுபவரைத் தற்பெருமைக்காரர் என்று எவரும் சொல்வதில்லை.

தமிழில் இதற்கு வாய்த்த சொல் குறிப்பிடத்தக்கது. வானொலி கேட்பவரை இந்தி ‘ஷ்ரோதா’ என்கிறது. செவிமடுப்பவர் என்று பொருள். தமிழ் வானொலியோ ‘நேயர்’ என்றது. நேயம் உடையவர், கேட்பதைச் சொல்லவே இல்லை, அன்பை மட்டும் சொல்கிறது. தென்னகத்திலும் வடக்கின் கதைதான் வேறு குரலில் நடந்தது. மயில்வாகனம் தொடங்கிப் பின்வந்த அறிவிப்பாளர்களின் குரலில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை தமிழகத்துத் தேநீர்க் கடைகளை ஆண்டது. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் ஊரும் பெயருமாக நீண்ட பட்டியல்கள். அறுபது, எழுபதுகளில் வளர்ந்த தலைமுறைக்கு யாழ்ப்பாணத்து ஊர்ப்பெயர்கள் பல, வரைபடத்தில் பார்ப்பதற்கு முன்பே விருப்பப் பாடல்களின் வழியாகப் பழகியவை. பின்னாளில் போர்ச்செய்திகளில் அதே பெயர்களைக் கேட்டபோது அவர்களுக்கு அவை அந்நியமாக இருந்திருக்காது.

டில்லி விரைவிலேயே இறங்கி வந்தது. கேஸ்கர் அமைச்சராக இருந்தபோதே, 1957 அக்டோபர் 3 அன்று, விவித பாரதி தொடங்கப்பட்டது. கவிஞர் நரேந்திர சர்மா அதன் வழிகாட்டி. படைவீரர்களுக்கான ‘ஜெயமாலா’, பொதுமக்களுக்கான விருப்பப் பாடல் நிகழ்ச்சிகள், தமிழில் ‘நேயர் விருப்பம்’ என்று அரசு வானொலியே அட்டைகளை வரவேற்றது. 1967இல் விளம்பரங்களும் வந்தன. ஐந்தாண்டுகளில் ஓர் அரசுக் கொள்கை இவ்வளவு தூரம் பின்வாங்கியதற்கு நேயர்கள் ஊர்வலம் போகவில்லை, மனுக் கொடுக்கவில்லை. முள்ளைத் திருப்பி வேறு நிலையம் வைத்தார்கள்.

ஆனால் விருப்பம் கேட்பதோடு வேலை முடியவில்லை. கேட்ட பாட்டு ஒலித்துக் காற்றில் கரைந்துவிடுகிறது. எந்த ஆண்டு, எந்தப் படம், யார் எழுதியது என்ற விவரங்களை ஒருமுகமாகத் தொகுத்து வைப்பது யார் வேலை? நிறுவனங்களுக்குத் தம் சரக்கு பற்றிய கணக்கு உண்டு. தட்டாக வெளிவராத பாட்டு அதில் இல்லை. படமுதலாளிகளில் பலர் படச்சுருளையே காக்கவில்லை; தீயில் எரிந்தவை எத்தனை, வெள்ளிக்காக உருக்கப்பட்டவை எத்தனை. அந்த வேலையைச் செய்தவர்களும் நேயர்களே.

கான்பூரைச் சேர்ந்த ஹர்மந்திர் சிங் ‘ஹம்ராஸ்’ தொகுத்த ‘இந்தி ஃபிலிம் கீத் கோஷ்’ இவ்வகையில் இந்தியத் திரையிசை ஆய்வின் அடித்தளம். 1931 முதல் 1980 வரை பத்தாண்டுக்கு ஒரு தொகுதியாக ஐந்து தொகுதிகள். முதலில் வெளிவந்தது 1951–60க்கான மூன்றாம் தொகுதி, ஆண்டு 1980. ஒவ்வொரு படத்துக்கும் தயாரிப்பு நிறுவனம், இயக்குநர், நடிகர்கள், இசையமைப்பாளர், பாடலாசிரியர். பிறகு பாட்டுகளின் வரிசை, பாடியவர்கள், தட்டு எண். எழுத்தில் எளிதாகத் தோன்றும் இவ்வமைப்பின் பின்னே, திரையரங்கு வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களைத் தேடுதல், பழைய தட்டுகளின் வட்டத்தாளைப் படித்தல், ஒன்றுக்கொன்று முரணும் சான்றுகளை ஒப்பிடுதல் என்று பல்லாண்டு உழைப்பு இருக்கிறது. பாட்டுப் புத்தகம் சொல்லும் பாட்டு படத்தில் இருக்காது. படத்தில் உள்ளது தட்டில் வராது. தட்டிலோ ‘காமினி’ போன்ற பெயர். சுவடிப் பதிப்பாசிரியர் பாடபேதங்களோடு போராடுவதற்கும் இதற்கும் முறையளவில் வேறுபாடு இல்லை. சாமிநாதையரின் முன்னுரைகளைப் படித்தவர்களுக்கு இந்த உழைப்பின் தன்மை உடனே விளங்கும்.

இதற்கு உறுதுணையாக இருந்தது ‘லிஸனர்ஸ் புல்லட்டின்’ என்னும் சிற்றிதழ். பெயரே நேயர்களைச் சுட்டுகிறது. ஒருவர் ஒரு படத்தின் பாடல் விவரம் கேட்பார், வேறு ஊரிலிருந்து இன்னொருவர் தன்னிடமுள்ள தட்டைப் பார்த்துப் பதில் எழுதுவார், மூன்றாமவர் திருத்துவார். பல்கலைக்கழகம் எதுவும் இதற்கு நிதி தரவில்லை. பதவி உயர்வுக்கான புள்ளிகளும் கிடையா. இன்று இந்தித் திரையிசை பற்றி எழுதப்படும் முனைவர் பட்ட ஆய்வேடுகள் நேராகவோ சுற்றிவளைத்தோ இத்தொகுதிகளின் தோளில்தான் நிற்கின்றன. இணையத்தில் ஒரு பாட்டின் கீழே காணும் விவரங்களுக்கும் மூலம் பலவேளை இதுதான், பெயர் சொல்லப்படுவதில்லை.

பம்பாயில் 1990இல் உருவான இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கமும் இந்த மரபினதே. அதைச் சுரேஷ் சாந்த்வன்கர் பல்லாண்டு நடத்தினார். தொழிலால் அவர் இயற்பியலாளர். சங்கத்தின் ‘தி ரெக்கார்ட் நியூஸ்’ இதழில் தட்டு எண்கள், பதிவு ஆண்டுகள், மறந்துபோன பாடகியரின் வாழ்க்கைக் குறிப்புகள் எல்லாம் அச்சாயின. சங்கத்தார் கூடித் தட்டுகளை ஓடவிட்டுக் கேட்பதும் வழக்கம். கேட்பதற்காகவே கூடுவது அருகிவரும் பழக்கம். கிராமபோன் கம்பெனியின் 1899–1908 காலப் பதிவுகளைப் பட்டியலிட்ட மைக்கேல் கின்னியர் ஆஸ்திரேலியர். அவரும் எந்தத் துறையின் பேராசிரியரும் அல்லர். சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரம் தட்டுகளைச் சேர்த்ததோடு, எந்தப் பாட்டு ஏன் கேட்கத்தக்கது என்று தயவு தாட்சணியமின்றி எழுதியும் பேசியும் வந்தார். சேகரிப்பு வேறு, பரிந்துரை வேறு என்று இவர்கள் பிரித்துப் பார்த்ததில்லை. தேர்ந்தெடுக்கத் தெரியாதவர் சேகரிப்பு பழைய இரும்புக் கடை.

இம்மரபில் ஒரு குறையும் உண்டு, சொல்லியாகவேண்டும். பெயர் தெரிந்த சேகரிப்பாளர்கள் ஏறக்குறைய அனைவரும் ஆண்கள். கடைத்தெருக்களில் அலையவும், வீட்டில் ஓர் அறையைத் தட்டுகளுக்கு ஒதுக்கவும், விடுமுறை நாட்களைக் கூட்டங்களில் செலவிடவும் யாருக்கு முடிந்தது என்பது வெளிப்படை. விருப்பப் பாடல் பட்டியல்களில் கேட்ட பெண்களின் பெயர்கள், சேகரிப்பாளர் இதழ்களுக்கு வரும்போது மறைந்துவிடுகின்றன. ஓர் அஞ்சலட்டைக்கும் ஓர் அலமாரிக்கும் உள்ள விலை வேறுபாடு இது.

எண்பதுகளில் ஒலிநாடா வந்தது. அதுவரை சந்தையின் பெரும்பங்கை வைத்திருந்த எச்.எம்.வி.யின் கோட்டை சரிந்ததையும், டி-சீரிஸ் போன்ற புதியவர்கள் எழுந்ததையும், வட்டார இசைகள் நாடாவில் ஏறியதையும் பீட்டர் மேனுவலின் ‘கேசட் கல்ச்சர்’ என்னும் 1993ஆம் ஆண்டு நூல் விரிவாக ஆராய்கிறது. அதில் உள்ளதைத் திரும்பச் சொல்லவேண்டியதில்லை. இங்கே வேண்டுவது வேறொரு காட்சி. பாட்டுகளின் பெயர்களைத் தாளில் எழுதி, வெற்று நாடாவோடு கடையில் கொடுத்தால், சில நாளில் அவ்வரிசையில் பதிந்து தருவார்கள். தமிழகத்தில் ‘ரெக்கார்டிங் சென்டர்’ இல்லாத ஊர் அப்போது அரிது. அறுபது நிமிட நாடாவில் பக்கத்துக்கு ஆறு அல்லது ஏழு பாட்டு. சட்டப்படி அது பதிப்புரிமை மீறல். நிறுவனங்கள் புலம்பியதில் நியாயம் இல்லாமலில்லை. என்றாலும், அதுகாறும் ஒற்றைப் பாட்டைக் கேட்டு எழுதியவர் இப்போது பன்னிரண்டு பாட்டுகளை எந்த வரிசையில் வைப்பது என்று முடிவெடுத்தார். நிறுவனம் படவாரியாக விற்றது. தாளில் எழுதியவர் பாடகர்வாரியாக, இராகவாரியாக, மழைக்கு, பயணத்துக்கு, பிரிவுக்கு என்று தொகுத்தார். இளையராஜாவின் இசையை மட்டும் இப்படித் தொகுத்த பட்டியல்களைச் சேகரித்தால், எண்பதுகளின் தமிழ்ச் செவி எப்படி வகைப்படுத்திச் சிந்தித்தது என்பதற்குத் தனி ஆய்வே செய்யலாம்.

‘கீத்மாலா’ 1989இல் விவித பாரதிக்கு இடம்பெயர்ந்து 1994இல் ஓய்ந்தது. எச்.எம்.வி.யின் வழிவந்த சரிகம நிறுவனம் 2017இல் 5,000 பாடல்களை உள்ளடக்கிய ‘கார்வான்’ என்னும் வானொலிப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, இந்திப் பெட்டியில் சயானியின் குரலோடு கீத்மாலாத் தொகுப்பும் இருந்தது. 2024 பிப்ரவரியில் சயானி மறைந்தார். அஞ்சலிக் கட்டுரைகள் அவர் குரலைப் புகழ்ந்தன. வாரந்தோறும் வந்த அட்டைகளின் எண்ணிக்கையையும் குறிப்பிட்டன. ஆனால் அந்த அட்டைகளைப் பாதுகாக்கவேண்டும் என்று எந்த நிலையத்துக்கும் அன்று தோன்றியிருக்க வாய்ப்பில்லை. படித்து முடித்த அஞ்சலட்டை அக்காலக் கணக்கில் கழிவுத்தாள்.

எஞ்சியிருப்பவை சிதறிய பொருட்கள். நேயர் சங்கங்களின் குறிப்பேடுகள் சில வீடுகளின் பரணில் இருக்கக்கூடும். பழைய பாட்டுப் புத்தகங்களின் ஓரத்தில், கேட்ட நாளும் நிலையமும் பென்சிலால் குறித்திருப்பார்கள். பழம்பொருள் கடைகளில் எடைக்கு விற்கும் ஒலிநாடாக்களின் உறைகளில் பாட்டுகளின் வரிசை கையெழுத்தில் இருக்கிறது. அடித்துத் திருத்திய இடங்களும், பக்கம் மாறும்போது நேரம் போதாமல் விடுபட்ட பாட்டும் தெரியும். திரையிசை வரலாற்றுக்குச் சான்று தேடுவோர் நாடாவை இயக்கிப் பார்ப்பதற்கு முன் அந்த உறைத்தாளைப் படிக்கவேண்டும். சிலவற்றின் மூலையில் யாருக்காகப் பதிந்தது என்ற பெயரும் இருக்கும்.